பொதுமக்களாக இரண்டு நாள்

காலை எட்டேகால் மணிக்கு, தேர்வுக்குப் பொதுமக்கள் தேவைப்படுகிறார்கள் என்று என்னிடம் வந்து சொன்னார்கள். எத்தனை பேர் என்று கேட்டேன். ஒருவர் போதும் என்றார் தேர்வுக் குழுவின் செயலாளர் ரெமிஜியோ. என் கையில் துடைப்பம் இருந்தது. பொதுமக்கள் துடைப்பத்துடன் வரக்கூடாது என்று விதி எதுவும் இல்லை, ஆனாலும் அதை வெளியிலேயே வைத்துவிட்டு வந்தால் நன்றாக இருக்கும் என்றார்.

என் பெயர் நுன்ஸியா. இந்தப் பள்ளியில் இருபத்தாறு வருடமாக வேலை பார்க்கிறேன். முதலில் பியூன் என்றார்கள். பிறகு அமைச்சகத்தில் யாரோ மனம் வருந்தி, 'பள்ளி ஒத்துழைப்பாளர்' என்று மாற்றினார்கள். மணி அடிப்பது, தரை துடைப்பது, கழிப்பறைக்குப் போன பிள்ளைகள் திரும்பி வகுப்புக்குப் போகிறார்களா என்று பார்ப்பது, இதெல்லாம் மாறவில்லை. பெயர் மட்டும் நீண்டது.

அந்த மே மாதம், லத்தீனும் கிரேக்கமும் நடத்தும் ஆசிரியர்களுக்கான அரசுத் தேர்வை எங்கள் பள்ளியில் வைத்தார்கள். ஒன்பது வருடம் கழித்து நடக்கிற தேர்வு. இந்த வட்டாரம் முழுமைக்கும் நிரந்தர இடம் ஒன்றே ஒன்று. எழுத்துத் தேர்வில் தேறியதும் ஒரே ஒருவர். அப்படியானால் வேலை அவருக்குத்தானே என்று ரெமிஜியோவிடம் கேட்டேன். அப்படி இல்லையாம். வாய்மொழித் தேர்வில் நூற்றுக்கு எழுபது வாங்க வேண்டும். அறுபத்தொன்பதரை வாங்கினால், போட்டிக்கு யாருமே இல்லாவிட்டாலும் அவர் தோற்றவர்தான்.

பொதுமக்கள் எதற்கு என்றும் கேட்டேன். சென்ற தேர்வின்போது குளிர் தாங்காமல் யாரோ அறைக் கதவைச் சாத்திவிட்டார்களாம். தோற்றவர் ஒருவர் வழக்குப் போட்டார். பொதுமக்கள் பார்வையில் நடக்காத தேர்வு செல்லாது என்று ஐந்து வருடம் கழித்துத் தீர்ப்பு வந்தது. அதிலிருந்து பொதுமக்கள் இல்லாமல் எதையும் தொடங்குவதில்லை. நம் ஊரில் வேலைநாள் காலையில் லத்தீன் தேர்வு பார்க்க யார் வருவார்கள்? ஆகவே நான்.

குழுவில் மூன்று பேர். தலைவர் பேராசிரியர் எவாந்த்ரோ பொம்பிலி, பல்கலைக்கழகத்தில் ஓய்வு பெற்றவர், மே மாதத்திலும் கழுத்தில் மஃப்ளர் போட்டிருந்தார். அடுத்தவர் ஒத்தாவியா லாஞ்சி, கல்வியியல் நிபுணர். அவர் கையில் நிறுத்துக் கடிகாரமும், பாடம் நடத்துவதை நாற்பத்திரண்டு கட்டங்களாகப் பிரித்த ஒரு தாளும் இருந்தன. மூன்றாவது ரெமிஜியோ. நடப்பதையெல்லாம் எழுதுவது அவர் வேலை. நடக்காததையும் சில சமயம் எழுத வேண்டி வரும் என்று அவரே சொன்னார்.

முதல் நாள் தலைப்பு எடுக்கும் சடங்கு. மேசைமேல் மூன்று உறைகள். முத்திரை உடையாமல் இருக்கிறதா என்று பொதுமக்கள் பார்த்துச் சொல்ல வேண்டும் என்றார்கள். பார்த்தேன். உடையவில்லை என்றேன். 'பொதுமக்கள் மனநிறைவு தெரிவித்தனர்' என்று ரெமிஜியோ எழுதிக்கொண்டார். என் வாழ்க்கையில் என் மனநிறைவை யாராவது எழுதி வைத்தது அதுதான் முதல் தடவை.

தேர்வு எழுதுகிறவர் உள்ளே வந்தார். இர்மா பெத்ரெல்லா, ரோக்காமுத்தா என்ற மலை ஊரிலிருந்து முதல் பஸ் பிடித்து வந்தவர். நாற்பத்தாறு வயது. செங்கல் கனத்தில் ஒரு அகராதியைப் பிளாஸ்டிக் பையில் போட்டு மார்போடு அணைத்துக்கொண்டிருந்தார். நடு உறையை எடுத்தார். மற்ற இரண்டிலும் வேறு தலைப்புகள்தான் இருந்தன என்று நிரூபிக்க அவற்றையும் பிரித்து எனக்குக் காட்டினார்கள். ஒன்றில், 'உழவு பற்றிய லத்தீன் நூல்களும் டிராக்டரின்மீது அவற்றின் தாக்கமும்' என்று இருந்தது. இன்னொன்றில், 'கிரேக்க நகைச்சுவை நாடகங்களும், பிற்காலத்தில் சிரிப்பு குறைந்ததில் அவற்றின் பங்கும்'. இர்மா டீச்சர் எடுத்தது இது: 'உப்புத் துண்டு எனப்படும் கிரேக்கக் கவிதையும் பிற்காலப் பண்பாட்டின்மீது அதன் தாக்கமும். காட்ட வேண்டிய தாக்கங்கள்: எட்டுக்குக் குறையாமல்.'

டீச்சர் அதை இரண்டு தடவை படித்தார். பிறகு, பள்ளிப் பிள்ளை மாதிரிக் கையைத் தூக்கினார். அந்தக் கவிதை ஒரு பானை ஓட்டில் கீறியிருந்தது என்றார். அறுபது வருடத்துக்கு முன் ரயில் பாதைக்காகத் தோண்டியபோது அகப்பட்டது. அதற்கு முன் இரண்டாயிரத்து இருநூறு வருடம் மண்ணுக்கடியில் கிடந்தது.

"நடுவுல இதை யாருமே படிக்கலையே, தலைவர் அவர்களே. படிக்காதவங்க மேல என்ன தாக்கம் இருக்க முடியும்?"

தலைவர் சிரித்தார். அந்தக் கேள்விக்காகவே காத்திருந்தவர் போல மஃப்ளரைச் சரி செய்துகொண்டார்.

"டீச்சர், படிச்சவன் மேல கவிதைக்குத் தாக்கம் இருக்கறதுல என்ன ஆச்சரியம்? ஒயின் குடிச்சவனுக்குத் தலை சுத்தற மாதிரி, அது யாருக்கும் நடக்கும். அப்படி ஒரு கவிதை இருக்குன்னே தெரியாதவன் மேல ஒரு தாக்கம் இருக்கு பாருங்க, அதுதான் சுத்தமான தாக்கம். படிச்சிட்டா கலப்படம். நாப்பது வருஷமா இதைத்தான் ஆராயறேன். அந்த ஓடு இருக்கற அருங்காட்சியகம் இங்கேருந்து ரெண்டு தெரு. ஒரு நாள் போய்ப் பார்த்திருப்பேனா? மனசைக் கட்டுப்படுத்திக்கிட்டேன்."

அவர் அந்தத் துண்டின் தாக்கம் பற்றி நான்கு தொகுதிகள் எழுதியிருப்பதாக ரெமிஜியோ என் காதில் சொன்னார். நான்கிலும் அந்தக் கவிதை மட்டும் இல்லையாம். அச்சிட இடம் போதவில்லை.

இருபத்து நான்கு மணி நேரம் கொடுத்தார்கள். மறுநாள் இதே நேரம் வந்து நாற்பத்தைந்து நிமிடம் பாடம் நடத்த வேண்டும்.

படியிறங்கி வந்த டீச்சர் வராந்தாவில் எந்தப் பக்கம் போவது என்று தெரியாமல் நின்றார். மணி அடிக்கும் மூலையில் எனக்கென்று ஒரு சின்ன அறை இருக்கிறது. உள்ளே கூப்பிட்டு உட்கார வைத்து, அடுப்பில் காபி போட்டேன். பெருஞ்சீரகம் போட்ட வளைய பிஸ்கட் இரண்டு கொடுத்தேன். கடித்தாரே தவிர விழுங்கவில்லை. பிறகு தானாகவே பேசினார்.

ரோக்காமுத்தாவில் பத்தொன்பது வருடமாக அவர் தற்காலிக ஆசிரியர். ஒவ்வொரு செப்டம்பரிலும் வேலைக்கு எடுப்பார்கள், ஒவ்வொரு ஜூனிலும் அனுப்பிவிடுவார்கள். லத்தீனும் கிரேக்கமும் படிக்கிற பிரிவில் பதினோரு பிள்ளைகள். ஆகஸ்ட் கடைசிக்குள் அங்கே ஒரு நிரந்தர ஆசிரியர் இல்லாவிட்டால் அந்தப் பிரிவைக் கடற்கரை ஊர்ப் பள்ளியோடு சேர்த்துவிடுவார்கள். பஸ்ஸில் இரண்டரை மணி நேரம்.

"ஒருத்தரும் போக மாட்டாங்க" என்றார். "ஆடு மேய்க்கறவங்க, ஓட்டல்காரங்க வீட்டுப் பிள்ளைங்க. ஏன் இந்தப் படிப்புன்னு அவங்க வீட்டுல ஏற்கெனவே கேட்டுக்கிட்டுதான் இருக்காங்க. நல்லதாப் போச்சு, நிறுத்திடுன்னு சொல்லிடுவாங்க."

இதெல்லாம் படித்து அந்தப் பிள்ளைகளுக்கு என்ன ஆகும் என்று நானும் கேட்டேன். கேட்டிருக்கக் கூடாது. ஆனால் அவர் கோபப்படவில்லை.

"தெரியலைங்க. எப்பவோ செத்துப்போன ஒருத்தர் சொன்னது திடீர்னு புரியறப்ப அவங்க மூஞ்சி மாறும். அதை மட்டும் பார்த்திருக்கேன். அதுக்கு அந்தம்மா தாள்ல கட்டம் இல்லை."

வீட்டில் யார் இருக்கிறார்கள் என்று பேச்சுக்குக் கேட்டுக்கொண்டோம். அவருக்கு ஒரு தங்கை. எனக்கு யாருமில்லை, கணவர் போய்விட்டார் என்றேன். இந்த ஊரில் எல்லாரிடமும் அப்படித்தான் சொல்லியிருக்கிறேன்.

மறுநாள் காலை கண் சிவந்து வந்தார். எட்டுத் தாக்கங்களும் தயாரா என்று கேட்டேன். ஏழு தேற்றிவிட்டேன், எட்டாவது நடக்கும்போது வரும் என்றார். எங்கிருந்து தேற்றினார் என்று கேட்டதற்கு, எங்கே கை வைத்தாலும் வருகிறது, அதுதான் பயமாக இருக்கிறது என்றார்.

பாடம் நடத்த ஒரு வகுப்பறையைத் தயார் செய்திருந்தோம். இருபத்து நான்கு இருக்கைகள், எல்லாம் காலி. மாணவர்கள் இருப்பதாக நினைத்துக்கொண்டு நடத்த வேண்டும் என்பதுதான் இந்தத் தேர்வின் முறை. உண்மையான பிள்ளைகளை உட்கார வைத்தால் என்ன, பள்ளிக்கூடம்தானே இது, பக்கத்து அறையிலேயே இருபது பேர் இருக்கிறார்களே என்று கேட்டேன். ஒத்தாவியா அம்மாள் என்னைப் பரிதாபமாகப் பார்த்தார். உண்மையான மாணவர்கள் ஒவ்வொருவரும் ஒவ்வொரு மாதிரி இருப்பார்கள், அதனால் மதிப்பெண் போடுவது நியாயமாக இருக்காது என்றார்.

நான் கடைசி வரிசையில் ஓரமாகப் பொதுமக்களாக உட்கார்ந்தேன்.

டீச்சர் காலி பெஞ்சுகளுக்கு வணக்கம் சொன்னார். ஒத்தாவியா கடிகாரத்தை அழுத்தினார். உப்புமீது போட்ட வரி, காலி நாற்காலியை வரைந்த ஓவியங்கள், கதவுத் தாழ்ப்பாள் என்று மூன்று தாக்கங்கள் கடகடவென்று போயின. தலைவர் கண்ணை மூடிக்கொண்டு தலையசைத்தார். அப்போது ஒத்தாவியா, மூன்றாவது வரிசையில் ஜன்னல் பக்கம் இருக்கிற மாணவன் தொந்தரவு செய்கிறான் என்றார்.

டீச்சர் அந்தப் பக்கம் பார்த்தார். நானும் பார்த்தேன். காலி பெஞ்சு. டீச்சர் அதனிடம் அமைதியாக இருக்கும்படி அன்பாகச் சொன்னார்.

"இன்னும் தொந்தரவு பண்றான்" என்றார் ஒத்தாவியா.

டீச்சர் அருகில் போய்க் குனிந்து பேசினார். அவன் வீட்டில் ஏதாவது கஷ்டமா என்று விசாரித்தார். கஷ்டம்தான் என்று ஒத்தாவியா அறிவித்தார், தாயும் தகப்பனும் பிரிந்துவிட்டார்கள். ரெமிஜியோ அதையும் எழுதினார். வேறொருத்திக்கு எழுத்துக்கூட்டிப் படிப்பதில் சிரமம். இன்னொருவன் மிகவும் கெட்டிக்காரன், அதனால் சலிப்படைந்திருந்தான். முதல் வரிசையில் ஒருவன் கழிப்பறைக்குப் போக அனுமதி கேட்டான். டீச்சர் அனுமதி கொடுத்துவிட்டு நான்காவது தாக்கத்துக்குப் போனார். கிறிஸ்துமஸுக்கு நாம் சாப்பிடும் உப்பிட்ட மீன்.

ஐந்தாவது முடிந்ததும் ஒத்தாவியா பேனாவைத் தட்டினார். கழிப்பறைக்குப் போன மாணவன் பதினோரு நிமிடமாகத் திரும்பவில்லை, ஆசிரியர் கவனிக்கவில்லை, அரை மதிப்பெண் குறைப்பு என்றார். நான் என்னை அறியாமல் பாதி எழுந்துவிட்டேன். இருபத்தாறு வருடப் பழக்கம், போய்ப் பார்க்க வேண்டும் என்று கால் சொல்கிறது. பொதுமக்கள் அமரலாம் என்றார் தலைவர்.

ஆறாவது தாக்கம் ரயில் கால அட்டவணை. காத்திருத்தல் என்ற உணர்வே அந்தத் துண்டிலிருந்துதான் வந்தது என்று தலைவர் நான்காம் தொகுதியில் நிறுவியிருக்கிறாராம். அவர் முகம் மலர்ந்தது. அதோடு டீச்சர் நின்றுவிட்டார். வாயைத் திறந்தார், ஏழாவது வரவில்லை. காலி வகுப்பைப் பார்த்தார். அங்கே இல்லாத பிள்ளைகளைப் பார்த்தாரா, ரோக்காமுத்தாவில் இருக்கிற பதினோரு பேரைப் பார்த்தாரா, எனக்குத் தெரியாது. இன்னும் இருபது நிமிடம் இருந்தது.

"சரி, கவிதையைப் படிப்போம்" என்றார்.

அது தலைப்பில் இல்லையே என்று தலைவர் நிமிர்ந்தார். டீச்சர் காதில் வாங்கவில்லை. முதலில் கிரேக்கத்தில் படித்தார், கூழாங்கல் உருள்கிற மாதிரி இருந்தது. பிறகு நம் பேச்சில் சொன்னார்.

உப்பு வாங்கி வருகிறேன் என்று போனாய்.
உலைநீர் கொதித்துக் கொதித்து வற்றியது.
கதவை நான் இன்னும் சாத்தவில்லை.

அவ்வளவுதான் கவிதை. ஓடு அங்கே உடைந்துவிட்டது என்றார்.

"யாரு பேசறாங்க இதுல? யார்கிட்ட?" என்று பெஞ்சுகளைக் கேட்டார். கேள்வி கேட்டபின் ஆசிரியர் ஐந்து விநாடி காத்திருக்க வேண்டும் என்பது பதினேழாவது கட்டம். ஒத்தாவியா கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

மூன்றாவது விநாடியில் நான் பேசினேன்.

"சாத்தியிருக்கணும்."

எல்லாரும் திரும்பினார்கள். டீச்சர் பத்தொன்பது வருடம் வகுப்பில் நின்றவர். ஒரு பதில் வந்தால் அடுத்த கேள்வி அவருக்கு மூச்சு விடுகிற மாதிரி வரும். ஏன் என்று என்னைக் கேட்டார்.

"போனவ திரும்பி வர மாட்டா. கெளம்பறப்பவே அவளுக்குத் தெரியும்."

"எப்படிச் சொல்றீங்க?"

"உலை வச்சது அவதானே. தண்ணி கொதிக்க எவ்வளவு நேரமாகும்னு தெரிஞ்சுதான் வச்சிருப்பா. அதுக்குள்ள பஸ் ஊர் எல்லையைத் தாண்டிடும்."

ரெமிஜியோவின் பேனா நின்றது. அந்தக் கவிதையில் பஸ் இல்லை என்பது அப்போதுதான் எனக்கு உறைத்தது.

முப்பத்தொரு வருடத்துக்கு முன், வேறொரு கடற்கரையில், வேறொரு ஊரில், பாஸ்தாவுக்குத் தண்ணீர் வைத்துவிட்டு, சீஸ் தீர்ந்துவிட்டது, வாங்கிக்கொண்டு வருகிறேன் என்று வீட்டைவிட்டு வந்தவள் நான். அவர் செய்தித்தாளிலிருந்து தலையைத் தூக்காமல், சீக்கிரம் வா என்றார். அவர் என்னை அடித்ததில்லை. குடித்ததில்லை. கெட்ட மனிதர் இல்லை. அதனால்தான் யாரிடமும் சொல்ல முடியவில்லை. அடித்தார் என்றால் எல்லாரும் புரிந்துகொள்வார்கள். அந்தத் தண்ணீர் என்ன ஆகியிருக்கும் என்று முப்பத்தொரு வருடத்தில் ஒரு தடவைகூட நான் நினைத்துப் பார்த்ததில்லை. கிளம்பியவளின் பக்கத்திலிருந்தே எல்லாவற்றையும் பார்த்திருக்கிறேன். வீட்டுக்குள் உட்கார்ந்திருக்கிறவர் பக்கத்திலிருந்து யாரும் எனக்குச் சொன்னதில்லை, இந்த உடைந்த பானை ஓடு சொல்லும்வரை.

தலைவர் பாடத்தை நிறுத்தினார். குழு அங்கேயே, எங்கள் முன்னாலேயே, விவாதிக்கத் தொடங்கியது. ஒத்தாவியாவுக்கு ஒரு யோசனை வந்தது. கவிதையைக் கேட்டு ஒருவர் தன்னை மறந்து பேசியிருக்கிறார், இதையே ஏழாவது தாக்கமாக எடுத்துக்கொண்டால் என்ன என்றார். தலைவர் பொறுமையாக விளக்கினார்.

"தாக்கம் பண்பாட்டின் மேல ஏற்படணும் அம்மா. இவங்க பண்பாடு இல்லை. இவங்க பொதுமக்கள். அதுவும் இவங்க கவிதையைக் கேட்டுட்டாங்க. கேட்டப்புறம் வர்ற தாக்கத்துக்கு ஆராய்ச்சியில மதிப்பே கிடையாது."

ரெமிஜியோ விதிப்புத்தகத்தைப் புரட்டிப் பதினோராவது பிரிவைப் படித்தார். பாடத்தின் காரணமாகப் பொதுமக்கள் பேசினால், தேர்வு எழுதுகிறவர் வெளியாளோடு உரையாடினார் என்று பொருள். தேர்வு ரத்து, மறுதேர்வு கிடையாது. பாடத்துக்குச் சம்பந்தமில்லாத காரணத்தால் பொதுமக்கள் பேசினால், அது வெறும் இடையூறு. தேர்வு தொடரலாம். எது என்று பொதுமக்கள்தான் எழுதிக் கையெழுத்திட்டுத் தர வேண்டும்.

ஒரு தாளை என் முன்னால் வைத்தார். 'தேர்வர் நடத்திய பாடம் என்மீது எந்தத் தாக்கத்தையும் ஏற்படுத்தவில்லை என்றும், நான் பேசியது கீழ்க்கண்ட காரணத்தால் என்றும் உறுதி கூறுகிறேன்.' கீழே மூன்று கட்டங்கள்: நோய், உறக்கம், குடும்ப விஷயம். குடும்ப விஷயம் என்றால் விவரம் தனித்தாளில் இணைக்கப்பட வேண்டும்.

டீச்சர் ஓரடி முன்னால் வந்தார். அங்கேயே நின்றுவிட்டார். நான் அவரைக் குறை சொல்லவில்லை. அந்த ஓரடிக்கும் அடுத்த அடிக்கும் நடுவில் என்ன நின்றது என்று எனக்குத் தெரியும்.

உறக்கம் என்ற கட்டத்தில் குறி போட்டுக் கையெழுத்திட்டேன்.

"தூக்கத்துலேயே இவ்வளவு தெளிவாப் பேசறாங்க" என்றார் தலைவர், யாரிடமென்று இல்லாமல்.

பாடம் தொடர்ந்தது. கவிதையைப் படித்த பகுதி குறிப்பிலிருந்து நீக்கப்பட்டதால் டீச்சர் ரயில் கால அட்டவணையிலிருந்து மறுபடி தொடங்க வேண்டியிருந்தது. ஏழாவதாக வாசல் மணி, எட்டாவதாக ஊறுகாய். மதிப்பெண் அங்கேயே அறிவித்தார்கள். எழுபது. கழிப்பறைக்குப் போன மாணவன் மட்டும் திரும்பி வந்திருந்தால் எழுபதரை.

வாசல்வரை கொண்டு விட்டேன். பஸ்ஸுக்கு நேரமாகியிருந்தது, ஆனாலும் நின்றார்.

"நீங்க தூங்கலையே" என்றார்.

"தூங்கினதா எழுதிக் குடுத்திருக்கேனே, டீச்சர்."

"நான் அங்கேயே சொல்லியிருக்கணும். சொல்லத்தான் வந்தேன்."

"பார்த்தேன்."

அகராதியை இந்தக் கையிலிருந்து அந்தக் கைக்கு மாற்றிக்கொண்டு போனார்.

இரண்டு வாரம் கழித்துத் தலைமையாசிரியரிடமிருந்து எனக்கு ஒரு கடிதம் வந்தது. பொதுமக்களாகப் பணியமர்த்தப்பட்ட நேரத்தில் உறங்கியதற்காகக் கண்டனம். ஏற்றுக்கொண்டேன். அத்தோடு முடிந்தது என்றுதான் நினைத்தேன். ஜூன் நடுவில் ரெமிஜியோ வந்தார், முகம் சரியில்லை. என் கண்டனக் கடிதத்தின் நகல் வட்டார அலுவலகத்துக்குப் போயிருக்கிறது. அங்கே ஒரு சட்ட அதிகாரி அதைப் படித்துவிட்டு ஒரு கேள்வி எழுப்பியிருக்கிறார். அங்கே இருந்த பொதுமக்கள் மொத்தமே ஒருவர். அந்த ஒருவரும் உறங்கிவிட்டார். அப்படியானால் அந்த நேரத்தில் தேர்வைப் பார்த்தது யார்? பொதுமக்கள் பார்வையில் நடக்காத தேர்வு செல்லாது. டீச்சரின் நியமனத்தை நிறுத்தி வைத்திருந்தார்கள்.

அன்று மதியமே டீச்சர் தொலைபேசியில் கூப்பிட்டார். விஷயம் அவருக்கும் தெரிந்திருந்தது. நீங்கள் எதுவும் செய்ய வேண்டாம், எனக்காகப் போதுமான அளவு செய்துவிட்டீர்கள் என்று, மனப்பாடம் செய்த மாதிரி ஒரே மூச்சில் சொன்னார். பின்னால் பிள்ளைகளின் சத்தம் கேட்டது, யாரோ யாரையோ துரத்துகிறார்கள். அதுவரை பதினொன்று என்பது எனக்கு வெறும் எண்ணாக இருந்தது.

அந்த மூன்று வரியை எனக்கு ஒரு தாளில் எழுதி அனுப்ப முடியுமா என்று கேட்டேன். அனுப்புகிறேன் என்றார். பிறகு, தயங்கி, எதற்கு என்றார்.

"சும்மாத்தான். என்கிட்ட அது இல்லை."

ரெமிஜியோ மறுநாள் புதிய தாளோடு வந்தார். சட்ட அதிகாரியே வாசகத்தைத் தயாரித்திருந்தார். முதல் உறுதிமொழியைத் திரும்பப் பெறுகிறேன். நான் உறங்கவில்லை. தேர்வு முழுவதும் விழித்திருந்தேன். சொல்லப்பட்ட ஒவ்வொரு சொல்லையும் தெளிவாகக் கேட்டேன். அவை என்மீது எந்தத் தாக்கத்தையும் ஏற்படுத்தவில்லை.

"அப்போ நான் ஏன் பேசினேன்?" என்று கேட்டேன்.

நீக்கப்பட்ட பகுதி நடக்காததற்குச் சமம், அதனால் நீங்கள் பேசவே இல்லை என்றார். சொல்லும்போது என் முகத்தைப் பார்க்கவில்லை. நல்ல மனிதர்தான்.

தாளை இரண்டு தடவை படித்தேன். போன தடவை தூக்கம் என்று ஒரு போர்வையாவது இருந்தது. தூங்குகிறவள் எதற்கும் பொறுப்பில்லை. இந்தத் தடவை அதுவும் இல்லை. விழித்திருந்தேன், கேட்டேன், ஒன்றும் ஆகவில்லை. முப்பத்தொரு வருடத்துக்கு முன் அந்த பஸ்ஸில் யாராவது என்னிடம் ஒரு தாளை நீட்டியிருந்தால், இதே வாசகத்தில் அன்றும் கையெழுத்துப் போட்டிருப்பேன்.

போட்டேன். பேனா நன்றாக எழுதியது.

டீச்சரின் நியமனம் ஜூலை முதல் வாரம் அறிவிப்புப் பலகையில் வந்தது. முதல் வருடம் சோதனைக் காலம், வகுப்பில் வாரத்துக்கு இத்தனை தாக்கங்கள் என்று ஆய்வாளர் வந்து எண்ணுவாராம். அந்த மூன்று வரி தபாலில் வந்து சேர்ந்தது. அதை நான் யாருக்கும் காட்டவில்லை. ஒரு நாள் அந்தப் பழைய வீட்டு முகவரியை உறைமேல் எழுதிப் பார்த்தேன். முகவரி மறக்கவில்லை. உள்ளே என்ன வைப்பது என்று தெரியாமல் அப்படியே இருக்கிறது.

சென்ற வாரம் ரெமிஜியோ மறுபடி வந்தார். இலையுதிர் காலத்தில் இன்னொரு தேர்வு, வேறு மாவட்டங்களிலிருந்து நாற்பது பேர் எழுதுகிறார்கள். பேராசிரியர் பொம்பிலியே என் பெயரைச் சொன்னாராம். முழு விழிப்புடன் எல்லாவற்றையும் கேட்டும் எந்தத் தாக்கத்துக்கும் ஆளாகாத பொதுமக்கள் என்று கையெழுத்திட்ட சான்று இருப்பது இந்த வட்டாரத்திலேயே என் ஒருத்திக்குத்தானாம். நாற்பது பாடத்துக்கும் நானே வர வேண்டும் என்று கேட்டார்.

என்னென்ன கவிதைகள் வரும் என்று கேட்டேன். எல்லாம் முத்திரை போட்ட உறைகளில் இருக்கின்றன, யாருக்கும் தெரியாது என்றார்.

கதவுக்குப் பக்கத்தில் நாற்காலி போட்டால் வருகிறேன் என்றேன்.